பலூனுக்குள் அடங்காத சொல்

"வந்துகொண்டிருக்கிறேன்."

ஒரே சொல், 11 எழுத்து. ஏ5 அளவுச் சித்திரக்கதைப் புத்தகத்தில் 9 புள்ளி (பாயின்ட்) எழுத்தில் அச்சிட்டால், எழுத்துருவைப் பொறுத்து 35 மில்லிமீட்டர் அளவுக்கு நீளும். ஏ5 தாளின் அகலம் 148 மில்லிமீட்டர். இருபுறமும் 12 மில்லிமீட்டர் ஓரம், இரண்டு படக் கட்டங்களுக்கு நடுவே 4 மில்லிமீட்டர் இடைவெளி போக, ஒரு கட்டத்துக்கு மிஞ்சுவது 60 மில்லிமீட்டர். வசனம் எழுதும் பலூனுக்குள் சொல்லின் இருபுறமும் 3 மில்லிமீட்டராவது வெள்ளை விடவேண்டும். ஆகக் கட்டத்தின் அகலத்தில் மூன்றில் இரண்டு பங்கை இந்த ஒரு சொல்லே எடுத்துக்கொள்கிறது. பேசுகிறவர் முகத்தை எங்கே வரைவது?

தமிழில் சித்திரக்கதை செய்கிறவரின் குறிப்பேடு இந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்கவேண்டும் என்பது எங்கள் கருத்து. முதலில் படம், பிறகு வசனம் என்று போகிறவர்கள் அநேகமாக எல்லாரும் கடைசி வாரத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். அழகாக மை போட்டு முடித்த பக்கத்தில் பலூன் யாரோ ஒருவர் தலையை மூடும். எழுத்தைச் சிறிதாக்கினால் மெய்யெழுத்தின் புள்ளி மறையும். வசனத்தை வெட்டினால் அடுத்த கட்டம் புரியாது. இந்த மூன்றையும் தவிர்க்கும் இடம் கணினித் திரை அல்ல. பென்சிலும் மலிவான தாளும்தான். அங்கே ஒரு தவற்றின் விலை ஒரு நிமிடம்.

ஓவியர்களின் குறிப்பேடு என்றதும் பலர் மனத்தில் வருவது பக்கத்துக்குப் பக்கம் அழகான கோட்டோவியம் நிறைந்த, கண்ணாடிப் பேழைக்குள் வைக்கத்தக்க ஒரு பொருள். அப்படி ஏடு வைத்திருப்பவர்களும் உண்டு. ஆனால் வேலை செய்யும் ஏடு வேறு மாதிரி இருக்கும். 'டின்டின்' சித்திரக்கதையை உருவாக்கிய எர்ஜேயின் பென்சில் தாள்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: ஒரே கைக்குப் பத்துக் கோடு, ஒன்றன்மேல் ஒன்று, தாள் கிழியும் அளவுக்கு அழுத்தம். அந்தக் காட்டுக்குள்ளிருந்து சரியான ஒரு கோட்டைத் தேர்ந்து, மேலே மெல்லிய தாள் வைத்துப் படியெடுத்து, சுத்தமான பக்கத்துக்குக் கொண்டுபோவார். அச்சில் நாம் பார்க்கும் அந்தத் தெளிவான கோட்டுக்கு அடியில் இருப்பது அந்தக் கிறுக்கல். ஜப்பானிய மங்கா (சித்திரக்கதை) துறையில் இந்த முதல் நிலைக்குத் தனிப் பெயரே உண்டு, 'நேம்'. கட்டப் பிரிப்பும் வசனமும் குச்சி மனிதர்களுமாக முழுக் கதையையும் வரைந்து பத்திரிகை ஆசிரியரிடம் காட்டுவார்கள். அவர் தலையசைத்த பிறகுதான் நல்ல தாளைத் தொடுவது. அந்த 'நேம்' தாள்களில் படம் கோணலாக இருக்கும். வசனம் மட்டும் முழுமையாக இருக்கும். அந்த வரிசை தமிழுக்கு இன்னும் அதிகமாகப் பொருந்தும்.

ஆர்ட் ஸ்பீகல்மன் 'மவுஸ்' கதையை வரைந்த விதமும் நினைவில் வைக்கத் தக்கது. பொதுவாக ஓவியர்கள் பெரிதாக வரைந்து, அச்சில் சுருக்குவார்கள். கோட்டின் நடுக்கம் மறையும், நுணுக்கம் கூடும். அவரோ சாதாரணத் தட்டச்சுத் தாளில், பவுன்டன் பேனாவில், அச்சில் வரப்போகும் அளவிலேயே வரைந்தார். வாசகர் கையில் இருப்பது கிட்டத்தட்ட ஒருவருடைய கையெழுத்துப் படி மாதிரி இருக்கவேண்டும் என்பதற்காக. அச்சு அளவிலேயே வரைவது எல்லாக் கதைக்கும் தேவையில்லை. ஆனால் வசனத்தை அச்சு அளவிலேயே எழுதிப் பார்ப்பது எல்லாத் தமிழ்க் கதைக்கும் தேவை.

சிங்கப்பூரில் குறிப்பேடு என்ற பேச்சு வந்தால் சோனி லியூவின் 'தி ஆர்ட் ஆஃப் சார்லி சான் ஹாக் சை' நூலைச் சொல்லாமல் நகர முடியாது. 2015ல் எபிகிராம் புக்ஸ் வெளியிட்டது. 2016ல் சிங்கப்பூர் இலக்கியப் பரிசு, 2017ல் சித்திரக்கதைக்கான மூன்று ஐஸ்னர் விருதுகள். ஒரு முதிய சித்திரக்கதைக் கலைஞரின் வாழ்க்கை வரலாறு போல அந்த நூல் விரிகிறது. அவருடைய இளவயது ஓவியங்கள், பாதியில் நின்ற கதைகள், மஞ்சளேறிய தாள்கள் எல்லாம் உள்ளே இருக்கின்றன. அந்தக் கலைஞர் கற்பனை. அந்தத் தாள்கள் அத்தனையும் லியூவின் கைவேலை. ஒவ்வொரு காலத்துக்கும் ஒவ்வொரு பாணி. குறிப்பேடு படிக்கப் பழக விரும்புகிறவர் அந்த நூலை எடுத்து, ஒவ்வொரு போலித் தாளிலும் எதை அடித்திருக்கிறார், எதை ஓரத்தில் எழுதியிருக்கிறார், கறை எங்கே இருக்கிறது என்று பார்க்கவேண்டும். ஒரு ஏட்டை நம்பவைப்பது எது என்பதை இவ்வளவு யோசித்த நூல் இந்த ஊரில் வேறில்லை.

இனி ஏட்டுக்கு வருவோம்.

ஏ5 அளவு, கோடில்லாத தாள், சதுர மீட்டருக்கு 100 கிராமுக்குக் குறையாத கனம், தைத்த முதுகு. சுருள்கம்பி ஏடு வசதியானதுதான், ஆனால் இரண்டு பக்கத்தை ஒன்றாகப் பார்க்கும்போது நடுவில் கம்பி வரும். சித்திரக்கதையில் எதிரெதிர்ப் பக்கங்கள் ஒரே காட்சி என்பதால் அது பெரிய குறை. முதல் 4 பக்கத்தைப் பொருளடக்கத்துக்கு விட்டுவிட்டு, ஒவ்வொரு பக்கத்துக்கும் எண் போடுங்கள். இதைச் சோம்பலில் விடுகிறவர்கள் மூன்றாம் மாதத்தில் "அந்தப் பாட்டி பேசும் பகுதி எங்கே எழுதினேன்" என்று அரைநாள் தேடுவார்கள். தேதி எப்போதும் மேல் மூலையில். அழிப்பான் வேண்டாம், ஒரு கோடு போட்டு அடித்தால் போதும். அடித்ததும் படிக்கக்கூடியதாக இருக்கவேண்டும், ஏனென்றால் ஐந்தாவது திருத்தத்துக்குப் பிறகு இரண்டாவதுதான் சரி என்று தெரிவது மிகவும் சாதாரணம்.

இடப்பக்கம் சொல்லுக்கு, வலப்பக்கம் படத்துக்கு. இந்தப் பிரிவைக் கடைசிவரை மாற்றாதீர்கள். இடப்பக்கத்தில் வசனமும், காட்சியில் என்ன தெரியவேண்டும் என்ற குறிப்பும், சந்தேகங்களும். வலப்பக்கத்தில் தம்ப்நெயில்கள், அதாவது பக்கத்தின் சிறு மாதிரி வரைவுகள்: 55க்கு 78 மில்லிமீட்டர், பக்கத்துக்கு நான்கு. ஏ5 விகிதம் அப்படியே வரும் அளவு அது. அவற்றைத் தனித்தனியாக வரையாமல் இரண்டிரண்டாக ஒட்டி வரைய வேண்டும். புத்தகத்தில் 1ஆம் பக்கம் வலப்புறம் தனியாக நிற்கும்; பிறகு 2-3, 4-5 என்று சேர்ந்து வரும். கதவு திறந்தால் யார் நிற்கிறார் என்ற அதிர்ச்சி 3ஆம் பக்கத்தில் இருந்தால், வாசகரின் கண் 2ஆம் பக்கம் படிக்கும்போதே அதைப் பார்த்துவிடும். அது 4ஆம் பக்கத்தில், தாளைப் புரட்டிய பின்தான் வரவேண்டும். நடுவில் பின் அடித்துத் தைக்கும் புத்தகத்தின் பக்க எண்ணிக்கை 4ஆல் வகுபட வேண்டும் என்பதையும் அப்போதே கணக்கிடுங்கள். கதை 17 பக்கம் வந்தால் ஒரு பக்கத்தைக் குறைக்கிறீர்களா, 3 பக்கத்தைக் கூட்டுகிறீர்களா என்பது தம்ப்நெயிலில் எடுக்கவேண்டிய முடிவு.

வசன அளவுக்கு வருவோம். ஆங்கிலக் காமிக்ஸ் துறையில் நெடுங்காலமாகப் புழங்கும் ஒரு கணக்கு உண்டு: 6 கட்டப் பக்கத்தில் கட்டத்துக்கு 35 சொல்லுக்கு மேல் வேண்டாம், ஒரு பலூனில் 25ஐத் தாண்ட வேண்டாம். அந்தப் பக்கம் ஏ5ஐவிடப் பெரியது. அந்த மொழியின் சொற்கள் நம்முடையதைவிடச் சிறியவை. ஆங்கிலத்தில் மூன்று நான்கு சொல்லாக நிற்பது தமிழில் விகுதிகளோடு ஒட்டி ஒரே சொல்லாகிவிடும். ஆகவே சொல்லை எண்ணாதீர்கள், எழுத்தை எண்ணுங்கள். ஏ5ல், 60 மில்லிமீட்டர்க் கட்டத்தில், ஒரு வரிக்கு 10 முதல் 12 எழுத்து, பலூனுக்கு நான்கு வரி. எங்கள் அளவில் அதற்கு மேல் போனால் பலூன் படத்தைத் தின்றுவிடும். இதைச் சோதிக்க எளிய வழி: கதையில் வரும் மிக நீளமான ஐந்து சொற்களை உங்கள் எழுத்துருவில், 9 புள்ளியில் அச்சடித்து, வெட்டி, ஏட்டின் பின்னட்டைக்கு உள்ளே ஒரு உறையில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டம் வரையும் ஒவ்வொரு முறையும் அந்தத் துண்டை அச்சு அளவுக் கட்டத்தின் மேல் வைத்துப் பாருங்கள்.

ஒரு பக்கத்தை முழுதாகப் பார்த்தால் இது தெளிவாகும். கதை 1994ல், ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கில் நடக்கிறது. தேக்கா சந்தையில் காய்கறி வாங்கி வரும் பாட்டி படியேறுகிறார். மேலே 7ஆம் தளத்தில் பேரன். முதல் வரைவில் இடப்பக்கத்தில் இப்படி இருக்கிறது:

"மின்தூக்கி பழுதடைந்துவிட்டதால் நான் படிக்கட்டில் ஏறி வந்துகொண்டிருக்கிறேன்."

"என்னைக் கூப்பிட்டிருக்கலாமே, பாட்டி! நான் கீழே இறங்கி வந்து பையைத் தூக்கியிருப்பேனே!"

மூன்று தவறு. யாரும் இப்படிப் பேசமாட்டார்கள். பலூன் அடங்காது. மூன்றாவது முக்கியமானது: படத்தில் தெரியப்போவதை வாய் சொல்கிறது. படியில் ஏறுவது தெரியும்போது "படியில் ஏறுகிறேன்" என்பது வீண். ஓரக்குறிப்பில் இன்னொன்றும் இருக்கிறது: "1994. லிப்ட் கெட்டுப்போகத் தேவையே இல்லை." அன்றைய பல பழைய புளோக்குகளில் மின்தூக்கி சில தளங்களில் மட்டுமே நிற்கும், எல்லாத் தளத்திலும் நிற்கும்படி மாற்றும் மேம்பாட்டுத் திட்டம் 2001ல்தான் வந்தது. ஆகப் பாட்டி இரண்டு தளம் கீழேயே மின்தூக்கியிலிருந்து இறங்கி, படியேறி வருவது தினப்படி வழக்கம். அதைப் பற்றி அவர் பேசவே மாட்டார். பேசாமல் இருப்பதுதான் அந்தக் காட்சியின் கனம். ஓர் ஆண்டு எண்ணைச் சரிபார்த்ததில் ஒரு பலூன் முழுவதும் போய்விட்டது.

இரண்டாம் வரைவில் ஐந்து கட்டம். முதல் கட்டம் பக்கத்தின் முழு அகலம்: படிக்கட்டு மேலிருந்து, பாட்டி சிறியதாக, சொல் இல்லை. அடுத்தது கைப்பிடியைப் பற்றிய கை. மூன்றாவது, பிளாஸ்டிக் பையின் பிடி விரலில் வெட்டிய தடம். இதற்குக் கட்டத்தை ஏறக்குறைய சதுரமாக வைக்கவேண்டும். அகலமாக வைத்தால் விரல் தனித்துத் தெரியாது. நான்காவதில் மேலே பேரனின் சிலிப்பர், "சரக் சரக்". ஐந்தாவதில் இருவரும்:

"பாட்டி! குடுங்க, நான் தூக்குறேன்."

"இருடா ஐயா... மூச்சு வாங்கிக்கிறேன்."

இப்போது வலப்பக்கத் தம்ப்நெயிலில் ஒரு சிக்கல் எழுகிறது. இயல்பாக வரைந்தால் பாட்டி இடப்புறக் கீழிருந்து ஏறி வருவார், பேரன் வலப்புற மேலே நிற்பான். ஆனால் முதலில் பேசுவது பேரன். தமிழ் வாசகரின் கண் இடமிருந்து வலம் போகும். பாட்டியின் பலூனை முதலில் படித்துவிட்டு, பிறகு பேரன் "குடுங்க" என்பான். உரையாடல் தலைகீழாகிவிடும். பேரனின் பலூனை வலிந்து இடப்புறம் கொண்டுவந்தால் அதன் வால் பாட்டியின் முகத்துக்குக் குறுக்கே நீளும். சரியான வழி படிக்கட்டையே திருப்புவது: பாட்டி வலப்புறக் கீழிருந்து, பேரன் இடப்புற மேலே. இதில் இன்னொரு லாபமும் உண்டு. படிக்கும் திசைக்கு எதிராக நகரும் உருவம் சிரமப்பட்டு நகர்வதாகத் தோன்றும். ஏற்றத்தின் களைப்பு, ஒரு வியர்வைத்துளிகூட வரையாமல் வந்துவிடுகிறது. மை போட்டபின் இதைக் கண்டுபிடித்திருந்தால் ஐந்து கட்டத்தையும் மறுபடி வரைய வேண்டும். தம்ப்நெயிலில் அது மூன்று நிமிட வேலை.

பாத்திரத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, அவர் பேசும் முறையை எழுதிவைப்பது ஓவிய மாதிரித் தாளுக்குச் சமமான அவசியம். இவர் "வந்துட்டேன்" என்பாரா, "வந்திட்டேன்" என்பாரா? கடைக்காரரை "அண்ணே" என்பாரா, "அங்கிள்" என்பாரா? "கோப்பி ஓ" கேட்பாரா, "கட்டிக் குடுங்க" என்பதற்குப் பதில் "தாப்பாவ்" என்பாரா? ஒரே குடும்பத்தில் பாட்டியும் பேத்தியும் இதில் வேறுபடுவார்கள்; வேறுபட வேண்டும். விவரிப்புப் பெட்டிக்கு எழுத்துத் தமிழ், பலூனுக்குப் பேச்சுத் தமிழ் என்று வைத்துக்கொண்டால் வாசகருக்குக் குரல் மாறுவது உடனே தெரியும். ஆனால் பேச்சுத் தமிழுக்கு நிலையான எழுத்துமுறை கிடையாது. "குடுங்க", "கொடுங்க" இரண்டும் ஒரே பக்கத்தில் வந்துவிடும். ஒன்றைத் தேர்ந்து ஏட்டில் பட்டியலிட்டால் மெய்ப்புப் பார்க்கும்போது பாதி வேலை மிச்சம்.

ஒலிகளுக்கு ஒரு பக்கம் அவசியம் வேண்டும். இங்கே தமிழ் அள்ளிக் கொடுக்கிறது. சலசல, கடகட, தடதட, நொறுநொறு என்று காதுக்கு மட்டுமா? பளபள, மினுமினு என்று கண்ணுக்கும், குறுகுறு என்று தோலுக்கும், படபட என்று நெஞ்சுக்கும் சொல் இருக்கிறது. ஆங்கில ஒலிக்குறிப்புகளை எழுத்துப்பெயர்த்து "பூம்", "கிராஷ்" என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. ஒரு வாரம் ஏட்டுடன் அலைந்து கேட்டதை எழுதுங்கள்: எம்.ஆர்.டி. ரயிலின் கதவு மூடும்முன் எழுப்பும் ஒலி, உணவங்காடியில் வாணலியைக் கரண்டி தட்டும் ஒலி, மூங்கில் கழியில் காயும் துணி காற்றில் அடிக்கும் ஒலி, மழை முதலில் இலையிலும் பிறகு நடைபாதைக் கூரையிலும் விழும் வேறுபாடு. பக்கத்தில் ஒலி எழுத்தை வைக்கும்போது தொல்காப்பியத்தின் ஒரு விதி அப்படியே உதவுகிறது: "இரட்டைக்கிளவி இரட்டிற் பிரிந்திசையா". இரட்டித்து நிற்பது பிரிந்து ஒலிக்காது. "சல" ஒரு கட்டத்தில், "சல" அடுத்த கட்டத்தில் என்று உடைத்தால் ஒலி செத்துவிடும். இரண்டும் ஒரே மூச்சில், ஒரே வளைவில், எழுத்துகள் படத்தின் கோட்டோடு சேர்ந்து வளைய, கையால் எழுதப்பட வேண்டும்.

தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பேதம் இல்லை. ஆகவே கத்தலுக்கு அளவும் கனமும்தான் வழி. எழுத்துருவைக் கணினியில் சாய்த்து அழுத்தம் காட்டுவது தமிழில் அழகாக வராது. கொம்பும் சுழியும் சரிந்து விழுவதுபோல் இருக்கும்.

ஒளியைப் பற்றி ஏட்டில் எழுதுகிறவர்கள் குறைவு. சிங்கப்பூரை வரைகிறவர் அதை எழுதித்தான் ஆகவேண்டும். நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 1.3 பாகையில் இருக்கிறோம். மார்ச், செப்டம்பர் இரண்டிலும் சம இரவு நாளை ஒட்டி உச்சிச் சூரியன் நேரே தலைக்குமேல் நிற்கும். நிழல் காலடிக்குள் ஒடுங்கிவிடும். ஜூனில் உச்சிநேர நிழல் தெற்கே விழும், டிசம்பரில் வடக்கே. அந்த உச்சிநேரம் பகல் 12 மணி அல்ல, ஏறக்குறைய 1 மணி. 1982 ஜனவரி 1ல் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே நகர்த்தினார்கள். அதற்கு முந்திய கதை என்றால் உச்சி பன்னிரண்டரையை ஒட்டி வரும். காலை ஆறரைக்குப் பள்ளிக்குக் கிளம்பும் பிள்ளையை இன்றைய கதையில் வரைந்தால் கட்டம் இருட்டு. அதே ஆறரை 1975ல் என்றால் விடியல். உச்சிநேரக் காட்சியில் கண்குழி கறுப்பாகும், மூக்கின் நிழல் உதட்டில் விழும். சிராங்கூன் சாலைக் கடைவீடுகளின் ஐந்தடி நடைபாதைக்குள் முகமே தெரியாத அளவுக்கு இருள் இருக்கும். 1822ல் ராஃபிள்ஸ் போட்ட நகரத் திட்டத்திலிருந்து வரும் நடைபாதை அது. வெயிலையும் மழையையும் தடுக்கத்தான் கட்டினார்கள். அந்தத் தூண் வரிசையை வெளிச்சத்திலிருந்து பார்த்து வரையும்போது உள்ளே முழுக்க மையை நிரப்பத் தயங்காதீர்கள். நுண்புள்ளிகளால் சாம்பல் நிறம் காட்டும் புள்ளித்திரை அங்கே பொய்யாகத் தெரியும்.

சுத்தப் பக்கத்துக்குப் போகும்போது ஏ4ல் வரைந்து ஏ5க்குச் சுருக்குவது வசதி. 71 விழுக்காடு ஆகும். 0.3 மில்லிமீட்டர் பேனாக்கோடு அச்சில் 0.21 ஆகும், நல்லது. 0.1 பேனாவால் போட்ட கோடு 0.07 ஆகும், அது அச்சில் விட்டுவிட்டு வரும் அல்லது வரவே வராது. கையால் எழுதும் வசனத்தில் மெய்யெழுத்தின் புள்ளி மூலத்தில் 1 மில்லிமீட்டர் விட்டமாவது இருக்கவேண்டும். புள்ளி போனால் "தம்பி" தமபி ஆவான். வாசகர் கதையை விட்டு வெளியே வந்துவிடுவார். ஸ்கேன் 600 டிபிஐக்கு (அங்குலத்துக்கு 600 புள்ளி) குறையக் கூடாது. வசனமும் கோடும் கறுப்பு மை ஒன்றில் மட்டும் அச்சாக வேண்டும். நான்கு நிறமும் கலந்த கறுப்பில் விட்டால் அச்சுத் தகடு ஒரு மயிரிழை நகர்ந்தாலும் எழுத்தைச் சுற்றி நிற விளிம்பு தெரியும். சாம்பல் புள்ளித்திரை ஒட்டிய பக்கத்தை ஸ்கேன் செய்து சுருக்கினால் பட்டுப்புடவை மாதிரி அலை விழும். புள்ளித்திரையைச் சுருக்கிய பிறகு கணினியில் போடுங்கள்.

கணினியில் எழுத்து சேர்க்கிறவர்களுக்கு இரண்டு பொறி. பழைய எழுத்துருக் குறியீடுகளில் தட்டச்சு செய்த கோப்பு, அந்த எழுத்துரு இல்லாத இயந்திரத்தில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் திறக்கும். ஆகவே யூனிகோட் மட்டும். ஃபோட்டோஷாப் போன்ற மென்பொருளில் எழுத்து அமைப்பை உலக மொழிகளுக்கான தெரிவுக்கு மாற்றாவிட்டால் "கொ"வின் கொம்பு இடம் மாறி நிற்கும். வரி இடைவெளியைத் தாராளமாக விடுங்கள்: 9 புள்ளி எழுத்துக்கு 12 புள்ளி. மேல்வரியின் "பூ" கீழே இறங்கும், கீழ்வரியின் "வீ" மேலே ஏறும், இரண்டும் முட்டிக்கொள்ளும். நீண்ட சொல்லை உடைத்தே ஆகவேண்டும் என்றால் பொருள் முறியாத இடத்தில் உடையுங்கள். வந்து, கொண்டிருக்கிறேன் என்று பிரிக்கலாம். வந்துகொண், டிருக்கிறேன் என்று பிரித்தால் படிக்கிறவரின் நாக்கு தடுக்கும்.

இங்கே தாளுக்கு முதல் எதிரி ஈரப்பதம். ஆண்டுச் சராசரியே 80 விழுக்காட்டுக்கு மேல். சன்னல் திறந்த அறையில் ஆறு மாதம் கிடந்த தாள் ஈரம் உறிஞ்சித் தன் பசைப்பூச்சின் உறுதியை இழக்கும். மை கோட்டிலிருந்து மயிர்மயிராகப் பரவும். அதே தாள், அதே மை, போன வருடம் நன்றாக இருந்ததே என்று குழம்புவார்கள். தாளைக் கட்டாக வாங்கி வைக்காதீர்கள். ஓவியப் பொருள் கடைகள் உள்ள பிராஸ் பசா பக்கம் போகும்போது ஒரு கதைக்குத் தேவையானதை மட்டும் வாங்கி, ஜிப் பையில் சிலிகா ஜெல்லோடு வையுங்கள். உலோக நிப்பை ஒவ்வொரு முறையும் கழுவித் துடைத்து உலர்த்தாவிட்டால் இரண்டு நாளில் துரு. குளிர்சாதன அறையில் வரைந்த பக்கத்தை உடனே வெளியே கொண்டுபோனால் தாள் வீங்கி அலைபாயும். ஸ்கேன் செய்வது வரை ஒரே அறையில் இருக்கட்டும். முடிந்த ஏடுகளுக்குக் கேமரா வைக்கும் உலர்பெட்டி நல்ல இடம், 45 முதல் 50 விழுக்காட்டில். ஏட்டுக்குள் ஸ்டேப்பிள் அடிக்காதீர்கள். துருப்பிடித்துத் தாளைத் தின்னும். ஒட்டுநாடாவின் பசை மஞ்சளாகி அடுத்த பக்கத்தோடு ஒட்டிக்கொள்ளும். ரசீதின் பின்புறம் குறித்த யோசனைகளை அன்றே ஏட்டில் பெயர்த்தெழுதுங்கள். வெப்பத்தாளில் முன்புற அச்சும் மங்கும், அதோடு சேர்ந்து "எங்கே, எப்போது" என்ற விவரமும் போய்விடும். வாரம் ஒருமுறை ஏட்டின் எல்லா எதிரெதிர்ப் பக்கங்களையும் கைப்பேசியில் படமெடுத்து வையுங்கள். கறையான் தவறினாலும் வெள்ளிப்பூச்சி தவறாது.

சிங்கப்பூரில் வெளியாகும் அச்சு நூலில் இரண்டு படி, வெளியான நான்கு வாரத்துக்குள் தேசிய நூலக வாரியத்துக்குப் போகவேண்டும் என்பது சட்டம். ஆகவே உங்கள் புத்தகத்தைப் பாதுகாக்க வேறொருவர் இருக்கிறார். ஏட்டுக்கு அப்படி யாரும் இல்லை. பாட்டி ஏன் வலப்புறமிருந்து ஏறுகிறார், எந்த பலூன் எதற்காகப் போனது என்பதெல்லாம் அதில் மட்டும்தான் இருக்கிறது.

புத்தகம் அச்சாகி வந்த அன்று ஏட்டை எடுத்து, கடைசி நான்கு பக்கத்தில் ஒரு வேலை செய்யுங்கள். அச்சான பக்கங்களில் பலூன் நெருக்கமாகிப் போன இடங்களை அளவுகோலால் அளந்து, பக்க எண், கட்ட எண், எத்தனை எழுத்து, எத்தனை மில்லிமீட்டர் என்று குறியுங்கள். புள்ளி விட்டுப்போன எழுத்துகளையும், வாசகர்கள் மாற்றிப் படித்த பலூன்களையும் எழுதுங்கள். அடுத்த கதைக்கு வாங்கும் புது ஏட்டின் பின்னட்டை உறையில் அந்தச் சொற்களை 9 புள்ளியில் அச்சடித்து, வெட்டிப் போட்டுவையுங்கள்.